ஏற்றத்தில் மட்டும் எஞ்சின் குலுங்குகிறது, பி0353 கோட். கொயில் மாற்றியும் போகவில்லை

டிக்கோயா எக்ஸியோ:

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது 2008 டொயோட்டா எக்ஸியோ, 1.5 எஞ்சின், ஓட்டோ கியர். ஹயருக்கு ஓடுகிற கார். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா, பெரும்பாலும் இந்த ரோடுதான். கிளினிக்குக்குப் போகும் வயதானவர்கள்தான் அதிகம் ஏறுவார்கள். அவர்களை வைத்துக்கொண்டு மழையில் நடுரோட்டில் நிற்க முடியாது, அதனால்தான் இதை விடாமல் பிடித்துக் கேட்கிறேன்.

பிரச்சினை இதுதான். சமதரையில் ஒரு குறையும் இல்லை. ஆட்களோடு ஏற்றம் ஏறும்போது, அதுவும் ரதல்ல குறுக்கு வீதி மாதிரி இடங்களில் மிதித்துப் பிடித்தால், திடீரென்று எஞ்சின் குலுங்கும், இழுவை போய்விடும், மஞ்சள் லைட் சிமிட்டும். ஓரம்கட்டி நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். லைட் மட்டும் அணையாது. ஸ்கேன் பண்ணினால் ஒவ்வொரு தடவையும் பி0353 என்றுதான் வருகிறது, சில நேரம் கூடவே பி0303.

கராஜில் முதலில் நான்கு பிளக்கையும் மாற்றினார்கள். அப்புறம் மூன்றாம் சிலிண்டர் கொயிலை, அதாவது அந்தப் பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் கொயிலை மாற்றினார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, திரும்ப அதே கோட். இப்போது "கம்பியூட்டர் போய்விட்டது, ரீகண்டிஷன் ஈசியூ ஒன்று எடுத்துப் போடலாம்" என்கிறார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தார்களாம், மூன்றாம் கொயிலுக்கு சிக்னல் வோல்டேஜ் வரவே இல்லையாம். ஈசியூ விலை சின்ன விலை இல்லை. வாங்குவதற்கு முன்னால் வேறு என்ன பார்க்க வேண்டும்? மல்டிமீட்டர் என்னிடம் இருக்கிறது, புளூடூத் ஸ்கேனரும் இருக்கிறது.

நுவரெலியா ஆல்டோ:

தம்பி, போட்ட கொயில் ஒரிஜினல்தானா? பெட்டியில் பெயர் மட்டும் ஒரிஜினலாக இருக்கும் சாமான் நிறைய வருகிறது. கொயில் 3ஐக் கழற்றி 2இல் போடுங்கள், 2இல் உள்ளதை 3இல் போடுங்கள். கோட் பி0352 ஆக மாறினால் கொயில் பழுது, பி0353 ஆகவே நின்றால் வயர் பக்கம். காசு செலவில்லாத வேலை.

இன்னொன்று, பிளக் குழிக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். சர்விஸ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குப் பிரஷர் தண்ணீர் அடித்தால் அந்தக் குழிக்குள் போய்த் தங்கிவிடும். என் ஆல்டோ பனி நாட்களில் காலையில் மிஸ்ஸாகி ஓடியதற்கு அதுதான் காரணம். மேலே காற்றும் லேசு, ஸ்பார்க்கும் பலவீனமாகத்தானே இருக்கும்.

ஹட்டன் வயரிங் பாஸ்:

தம்பி, ஈசியூ வாங்க வேண்டாம். இப்போதைக்கு எதையுமே வாங்க வேண்டாம். கார் வயரிங்தான் என் தொழில். இந்தக் கோட்டுக்குத் தேவையில்லாமல் சாமான் மாற்றிக் காசை விட்டவர்களை அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கோட் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பி0303 என்றால் மூன்றாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிளக் காரணமாக இருக்கலாம், கொயிலின் ரப்பர் காரணமாக இருக்கலாம், இன்ஜெக்டர், கம்ப்ரஷன், எதுவும் இருக்கலாம். பி0353 அப்படி இல்லை. அது மூன்றாம் கொயிலின் மின்சுற்று பற்றிய கோட். உங்கள் எஞ்சினில் ஒவ்வொரு கொயிலுக்கும் நான்கு வயர் போகிறது. ஒன்று 12 வோல்ட் சப்ளை. ஒன்று எர்த். மூன்றாவது ஐஜிடி, "இப்போது அடி" என்று ஈசியூ கொயிலுக்குக் கொடுக்கும் சிக்னல். நான்காவது ஐஜிஎஃப், "அடித்துவிட்டேன்" என்று கொயில் திருப்பிச் சொல்வது. அந்தப் பதில் வராவிட்டால்தான் ஈசியூ பி0353 போடுகிறது. அதனால் இந்தக் கோட்டுக்குப் பிளக் மாற்றியதில் பிரயோசனம் இல்லை. பிளக் தேய்ந்தால் பி0303 வரும், பி0353 வருவதற்குக் காரணமில்லை. ஆல்டோ அண்ணன் சொன்ன தண்ணீர்க் கதையும் உண்மைதான், ஆனால் அது பி0303 வழி. கொயிலின் 12 வோல்ட் பக்கச் சுற்று சரியாக அடித்துப் பதிலும் சொல்லிவிடும், ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் ரப்பர் வழியாகப் பக்கத்தில் பாய்ந்துவிடும்.

காற்று பற்றியும் ஒரு வார்த்தை. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். இழுவை குறைவது அதனால்தான். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்தால் ஸ்பார்க் தாண்டுவதற்கு இன்னும் லேசு. ஆகவே உயரத்தின் மேல் பழி போட வேண்டாம்.

அப்படியென்றால் ஏன் ஏற்றத்தில் மட்டும்? பானட்டைத் திறந்து வைத்து, ஒருவரை பிரேக்கை நன்றாக மிதிக்கச் சொல்லி, கியரை டியில் போட்டு லேசாக எக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஆரில் (ரிவர்ஸில்) போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். சில விநாடி போதும், நீளக் கொடுத்தால் கியர் பெட்டி சூடாகும். சமதரையில் ஹேண்ட் பிரேக் இழுத்து, நான்கு சில்லுக்கும் கட்டை வைத்து, நீங்கள் காரின் பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்னால் நிற்கவே கூடாது. எஞ்சின் முழுதாக ஒரு பக்கம் சாய்ந்து எழும்புவது தெரியும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். நீங்கள் ஆட்களோடு ரதல்லயில் ஏறும்போது அந்தச் சாய்வு நிமிடக்கணக்கில் அப்படியே நிற்கிறது. எஞ்சினோடு கொயில் நகர்கிறது, வயர் ஹார்னஸின் (வயர்களைச் சேர்த்துக் கட்டிய கட்டின்) மறுமுனை பாடியில் கட்டியிருக்கிறது. உள்ளே அறுந்த வயரோ, லூசான பின்னோ இருந்தால் அந்த இழுப்பில்தான் விடும். சூடும் சேரும்போது இன்னும் சீக்கிரம் விடும். கராஜ் வாசலில் ஐட்லிங்கில் நிற்கும்போது எல்லாம் தொட்டுக்கொண்டிருக்கும், ஸ்கேனர் வைத்தவருக்கு ஒன்றும் தெரியாது. நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் சரியாகிறது என்றீர்களே, அதுவும் இதோடு பொருந்துகிறது.

கொயில் மாற்றியதும் கொஞ்ச நாள் ஓடியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கொயிலை மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டுகிறார்கள், வயர் கொஞ்சம் இடம் மாறி உட்காருகிறது. அதனால் ஆல்டோ அண்ணன் சொன்ன 2–3 மாற்றும் வேலையைச் செய்யுங்கள், ஆனால் கடைசியில் செய்யுங்கள். முதலிலேயே எல்லாவற்றையும் கழற்றினால் தடயம் கலைந்துவிடும்.

இப்போது அளக்கும் வேலை. செயின் மூடி இருக்கும் பக்கம்தான் நம்பர் 1, அங்கிருந்து எண்ணுங்கள். எஞ்சினை நிறுத்தி, மூன்றாம் கொயிலின் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஓனில் மட்டும் வையுங்கள். வயர் நிறத்தை நம்ப வேண்டாம், மாடலுக்கு மாடல் மாறும். மீட்டரின் கறுப்புக் கம்பியை பேட்டரி மைனஸில் வைத்து நான்கு பின்னையும் பாருங்கள். பேட்டரி வோல்டேஜ் காட்டுவது சப்ளை. ஐந்து வோல்ட் அளவில் காட்டுவது ஐஜிஎஃப், அந்த ஐந்தை ஈசியூதான் அனுப்புகிறது. மீதி இரண்டும் பூஜ்யம் மாதிரி நிற்கும். சாவியை அணைத்து ஓம்ஸில் பார்த்தால் பாடியோடு நேராகத் தொடர்பு காட்டுவது எர்த், மற்றது ஐஜிடி. மீட்டர் கம்பியைப் பின்னுக்குள் அமுக்கித் திணிக்காதீர்கள். பின் விரிந்துவிட்டால் இல்லாத நோயை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். பழைய ஹார்னஸில் வெட்டிய ஒரு மெல்லிய டெர்மினலை வயரோடு செருகி அளந்தால் நல்லது.

இங்கேதான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். 12 வோல்ட் காட்டுகிறது, அதனால் வயர் சரி என்று முடிவு கட்டுகிறார்கள். மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை. உள்ளே எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு செம்பு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் அழகாகக் காட்டும். கொயில் அடிக்கும்போதோ பல ஆம்பியர் கேட்கிறது. ஆகவே பாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பிரேக் லைட்டுக்குப் போடும் 21 வாட் பல்ப் ஒன்று எடுங்கள், அது ஒன்றேமுக்கால் ஆம்பியர் இழுக்கும். கனெக்டரின் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே அதைக் கொடுங்கள். பேட்டரியில் நேராகக் கொடுத்தால் எரிகிற வெளிச்சம் இங்கேயும் வர வேண்டும். அப்படியே எரிய விட்டு, ஹார்னஸை மெதுவாக எஞ்சின் சாயும் திசைக்கு இழுங்கள், மடக்குங்கள், கனெக்டருக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு விரலால் நெருடிக்கொண்டே போங்கள். வெளிச்சம் மங்கினால், சிமிட்டினால், விரல் இருக்கும் இடத்தில்தான் கோளாறு. ஐஜிடி, ஐஜிஎஃப் பின்களில் இந்தப் பல்பை வைக்கவே கூடாது. அவை ஈசியூவுக்கு நேராகப் போகும் வயர்கள், அப்புறம் உண்மையாகவே ஈசியூ வாங்க வேண்டி வரும்.

"சிக்னல் வோல்டேஜ் வரவில்லை" என்று சொன்னது பற்றி. எஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 700 சுற்று என்றால் ஒரு சிலிண்டருக்கு 350 தடவை ஸ்பார்க், விநாடிக்கு ஆறு தடவை கூட வராது. ஒவ்வொரு தடவையும் ஐஜிடி ஐந்து வோல்டுக்கு எழும்பி நிற்பது சில மில்லி விநாடிதான், மீதி நேரமெல்லாம் பூஜ்யம். மீட்டரை டிசி வோல்டில் வைத்தால் சராசரிதான் காட்டும், அது பத்தில் ஒரு வோல்ட் பக்கத்தில் நிற்கும். நல்ல ஈசியூவிலும் அப்படித்தான். பார்க்கிறவருக்குச் சிக்னல் இல்லாத மாதிரி தெரியும். மீட்டரில் ஹெர்ட்ஸ் இருந்தால் அதில் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு சின்ன எல்ஈடியும் 1000 ஓம் ரெசிஸ்டரும் சேர்த்து, கனெக்டர் மாட்டியபடியே பின்பக்கத்தால் ஐஜிடி வயரைத் தொட்டுப் பாருங்கள். மங்கலாகச் சிமிட்டும். இரண்டாம் கொயிலிலும் அதே மாதிரி பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஈசியூ தன் வேலையைச் செய்கிறது.

கோட் 3 மட்டும் வருவதால் உங்களுக்கு நான்கு கொயிலுக்கும் பொதுவான பகுதியில் கோளாறு இல்லை. பி0351 தொடங்கி 354 வரை நான்கும் ஒன்றாக வந்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றால், நான்கு கொயிலும் ஒரே நாளில் செத்தது என்று யாரும் நம்பக் கூடாது. பொது ஐஜிஎஃப் வயர், பொது சப்ளை, பொது எர்த், அங்கே போக வேண்டும்.

வயர் பார்க்கும்போது எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம் பக்கத்துக் குளிரில் இரவில் எஞ்சின் சூட்டுக்கு எலி வந்து தங்கும். லயத்துக்குப் பக்கத்தில் நிற்பாட்டும் வண்டிகளில் நிறையப் பார்க்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போது கொயிலை வெளியே தூக்கிப் பிடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. செய்யாதீர்கள். பல ஆயிரம் வோல்ட் அது, போக வழி இல்லாவிட்டால் கொயிலுக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக்கையே உடைத்துவிடும், உங்கள் கையையும் விடாது.

பண்டாரவளை டீச்சர்:

பாஸ் எழுதியதைச் சேமித்து வைத்துக்கொண்டேன், நன்றி. ஒரு சந்தேகம். மஞ்சள் லைட் சும்மா எரிவதற்கும் சிமிட்டுவதற்கும் வித்தியாசம் உண்டா? என் வேகன் ஆர் ஒரு தடவை எல்லவிலிருந்து ஏறி வரும்போது சிமிட்டியது. வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

ஹட்டன் வயரிங் பாஸ்:

உண்டு டீச்சர், பெரிய வித்தியாசம். சும்மா எரிந்தால் கோட் பதிவாகியிருக்கிறது, சீக்கிரம் பார்க்க வேண்டும். சிமிட்டினால் அந்த நிமிடமே மிஸ்ஃபயர் நடக்கிறது, எரியாத பெற்றோல் சைலன்சர் வழியில் இருக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குள் போய் எரிகிறது. அது உருகினால் செலவு கொயில் மாதிரிப் பல மடங்கு. சிமிட்டும்போது காலை எடுத்துவிடுங்கள், இடம் பார்த்து ஓரம் நிறுத்துங்கள். வளைவில் நிற்க முடியாவிட்டால் மிகவும் மெதுவாக, பாரம் கொடுக்காமல் அடுத்த இடம் வரை போங்கள். மிதித்து ஏற்றாதீர்கள்.

டிக்கோயா எக்ஸியோ:

பாஸ் அண்ணே, சொன்னபடி பார்த்தேன். ஐஜிஎஃப் 4.9 வோல்ட். சப்ளை 12.4. எல்ஈடி இரண்டாம் கொயிலிலும் மூன்றாம் கொயிலிலும் ஒரே மாதிரித்தான் சிமிட்டுகிறது. பல்ப் முதலில் நன்றாக எரிந்தது, ஹார்னஸை பேட்டரி பக்கம் இழுத்ததும் அப்படியே மங்கிவிட்டது. விட்டால் திரும்ப எரிகிறது. எதில் என்று தெரிய பல்பின் எர்த் முனையை பேட்டரி மைனஸுக்கு மாற்றிப் பார்த்தேன், இழுத்தாலும் மங்கவில்லை. ஆக எர்த் வயர்தான்.

டேப்பைப் பிரித்தேன். கனெக்டருக்குப் பின்னால் நான்கு விரல் தள்ளி, வெளித்தோல் முழுசாக இருக்கிறது, தொட்டால் அந்த இடம் மட்டும் தொய்ந்து மடிகிறது. தோலைக் கீறிப் பார்த்தால் செம்பு பச்சையாகி, இரண்டு மூன்று இழைதான் மீதி. இன்னொன்றும் கண்டேன். ஹார்னஸைத் தாங்க எஞ்சின் மேல் ஒரு கிளிப் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது, ஓட்டை மட்டும் உண்டு. முன்னொரு காலம் வால்வ் கவர் பேக்கிங் மாற்றியபோது கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை போல. ஹார்னஸின் பாரம் முழுவதும் இந்தக் கொயிலின் வயரில்தான் தொங்கியிருக்கிறது.

இதை முறுக்கி டேப் சுற்றினால் போதுமா, இல்லை ஹார்னஸே மாற்ற வேண்டுமா?

நுவரெலியா ஆல்டோ:

அடேயப்பா, பல்ப் ஒன்றில் வேலை முடிந்தது. எர்த் முனையை மாற்றிப் பார்த்தது நல்ல யோசனை தம்பி.

ஹட்டன் வயரிங் பாஸ்:

அருமையாகப் பிடித்திருக்கிறீர்கள். அந்த ஈசியூ பேச்சை இத்தோடு விடுங்கள்.

ஹார்னஸ் மாற்ற வேண்டாம். முறுக்கி டேப் சுற்றுவதும் வேண்டாம், நம் மழைக்கும் பனிக்கும் அது ஒரு வருடம் தாங்காது. பச்சை நிறம் தெரிகிற பகுதி முழுவதையும் வெட்டி எறியுங்கள், செம்பு பளபளப்பாக வரும் இடம் வரை இரண்டு பக்கமும் போங்கள். அதே தடிப்பில் ஒரு துண்டு வயர் எடுத்து நடுவே போடுங்கள், இழுத்துக் கட்டாமல் எஞ்சின் சாய்வதற்கு இடம் விட்டு நீளம் வையுங்கள். இணைப்பை கிரிம்ப் ஸ்லீவ் வைத்து அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டுங்கள். இணைப்பு வளைகிற இடத்தில் வரக் கூடாது, ஈயம் பிடித்த வயர் வளைந்தால் ஈயம் முடிகிற ஓரத்தில் திரும்ப அறும். அதற்காகத்தான் கிரிம்ப் என்கிறேன். மற்ற மூன்று வயரையும் அதே இடத்தில் நெருடிப் பாருங்கள், ஒன்று அறுந்த இடத்தில் மற்றவையும் களைத்திருக்கும்.

கிளிப்பை மறக்கவே வேண்டாம். அதுதான் இந்த வேலையின் பாதி. பழைய சாமான் கடையில் கிடைக்கும், இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகிற யாரிடமாவது சொல்லி எடுங்கள். கனெக்டரின் பூட்டு நாக்கையும் பாருங்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் திரும்பத் தொடங்கியது, அதனால் நாம் ஓட்டுவதெல்லாம் வயதான கார்கள். எஞ்சின் சூட்டில் அந்த பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். நாக்கு உடைந்திருந்தால் கனெக்டர் மட்டும் வயரோடு வாங்கிப் பொருத்தலாம். வலது பக்க மவுண்டையும் ஒருவரிடம் காட்டுங்கள்.

வேலை முடிந்ததும் கோடை அழித்துவிட்டு, ஆட்களை ஏற்றாமல், பாரத்துக்கு இரண்டு மூட்டை ஏதாவது வைத்து ரதல்லயில் ஏறிப் பாருங்கள். மேலே போனதும் ஸ்கேனரில் பென்டிங் கோட் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். லைட் எரியாவிட்டாலும் சின்ன மிஸ்ஃபயர் இருந்தால் அங்கே தெரியும்.

கழற்றிய பழைய கொயிலை எறிந்துவிட்டார்களா? கையில் இருந்தால் வாங்கி வையுங்கள். வயர் சரியானதும் அதை மூன்றாம் இடத்தில் போட்டு ஒரு ஏற்றம் ஏறுங்கள். கோட் வராவிட்டால் அது நல்ல கொயில், துணியில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள், ஹயருக்கு ஓடுகிற காருக்கு ஒரு ஸ்பெயர் இருப்பது நல்லது.